மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் மஞ்சள்

என்னைப் பற்றி நானே பெருமையாகப் பேசக் கூடாது என்று என் மனைவி சொல்வாள். வேறு யாராவது பேசினால் நான் ஏன் பேசப் போகிறேன்? சிங்கப்பூர்த் தேக்காவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது என் சாப்பாட்டுக் கடை. நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். தஞ்சோங் பகாரில் துறைமுகத்து ஆட்கள் சாப்பிட வந்த கடையில் எச்சில் மங்கு, அதாவது தட்டும் கோப்பையும், கழுவி, பிறகு டீத்தண்ணி கோப்பித்தண்ணி கலக்கி, பிறகு கல்லாவில் உட்கார்ந்து, பிறகு கல்லாவே என்னுடையதாகும்படி செய்துகொண்டவன். இன்று என் கடைத் தோசைக்காக டை கட்டியவர்களும் ஹெல்மெட் போட்டவர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இதை எழுதி முடித்ததும் எழுத்துப் பிழை மட்டும் பார் என்று மருமகளிடம் கொடுப்பேன். கருத்துப் பிழை இருக்காது.

நிறங்களைப் பற்றி நான் கற்றுக்கொண்ட கதை இது. எழுபதைத் தாண்டிய பிறகு கற்றுக்கொண்டேன். அந்த வயதில் புதிதாக ஒன்றைக் கற்கத் தெம்பு வேண்டும். எனக்கு இருந்தது.

முதலில் மாஸ்டரைச் சொல்ல வேண்டும். என் கடையின் தோசை மாஸ்டர் என்னோடு தஞ்சோங் பகாரில் மங்கு கழுவியவர். நான் கடை போட்டபோது கூடவே வந்துவிட்டார். ஆட்கள் முன்னால் என்னை "மொதலாளி" என்பார். அதில் மரியாதை கால் பங்கு, கிண்டல் முக்கால் பங்கு. மனைவி போன பிறகு புக்கிட் பாத்தோக் வீட்டில் தனியாக இருக்கிறார். காலையில் முதல் ரயிலில் கிளம்பி வந்து கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டால் உலகத்தையே மறந்துவிடுவார். சுற்றிச் சுற்றி மாவு இழுக்கும்போது அந்த முகத்தைப் பார்த்தால் பேரக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் மாதிரி இருக்கும்.

போன வருஷம், வெயில் தாங்காத ஒரு நாள், காலைக் கூட்டம் அடங்கிய நேரத்தில் சமையல்கட்டிலிருந்து கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. மாஸ்டர் கையிலிருந்து கரண்டி விழுந்து நான் பார்த்ததில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் கல்லில் தோசை பாதி வட்டத்தோடு நிற்கிறது, மாஸ்டர் தரையில் கிடக்கிறார்.

ஆஸ்பத்திரியில் சூடுதான் காரணம் என்றார்கள். வயதும் ஆகிவிட்டது, தண்ணீரும் குடிப்பதில்லை என்றார்கள். புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் அவருடைய மகள் வேலையிலிருந்து நேராக வந்தாள். கைக்குழந்தையிலிருந்து எனக்குத் தெரிந்த பிள்ளை. என்னைச் சித்தப்பா என்று கூப்பிடும். அன்றைக்கு அந்தக் குரலில் உறவு எதுவும் இல்லை.

"சித்தப்பா, சீரியஸா சொல்றேன். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, ஃபினிஷ். அப்பா கடைக்கு வர மாட்டாரு. என் வீட்டுல உக்காந்து டிவி பாக்கட்டும்."

"சரிம்மா" என்றேன்.

கட்டிலில் இருந்து மாஸ்டர் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். அவள் கோப்பி வாங்க வெளியே போனதும், "என்ன சரிம்மா? உனக்கு யாரு சரி சொல்லச் சொன்னா?" என்றார்.

"பின்ன சண்டையா போடச் சொல்ற?"

"டிவில என்னடா இருக்கு? அந்தப் பொம்பளைங்க அழுவுறத நாள் பூரா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? ரெண்டு மாசத்துல போய்ச் சேந்துருவேன்."

வேடிக்கையாகச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் போர்வையைக் கையால் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டே சொன்னார். கல்லில் மாவு இழுக்கிற அதே சுற்று. வேறொரு தோசை மாஸ்டரை எனக்கு ஒரே நாளில் பிடிக்கத் தெரியும். என்னைத் திட்டுகிற மாஸ்டரை எங்கே போய்ப் பிடிப்பது?

சமையல்கட்டைக் குளிர வைத்தே தீர்வது என்று முடிவெடுத்தேன். முடிவெடுப்பதில் நான் கெட்டிக்காரன். சிக்கல் என்னவென்றால், எங்கள் கடை அரசாங்கம் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய கடைவீடு. நினைத்த இடத்திலெல்லாம் சுவரைக் குடைய விடமாட்டார்கள். காற்றை வெளியே இழுக்கும் பெரிய விசிறி வைக்க ஒரே ஓர் ஓட்டைக்குத்தான் அனுமதி கிடைத்தது. அந்த ஓட்டையை எங்கே போடுவது என்று எனக்கும் மாஸ்டருக்கும் வாக்குவாதம். திரும்பி வேலைக்கு வந்த முதல் நாளே தொடங்கிவிட்டது.

"இட்லி அண்டாதான்யா காரணம்" என்றேன். "ஆவி எப்படிக் குமுறிக்கிட்டு வருது பாரு. கண்ணுக்கே தெரியுது."

"கண்ணுக்குத் தெரியறதெல்லாம் சூடா மொதலாளி? உங்க வழுக்கைகூடத்தான் பளபளன்னு தெரியுது."

"அப்ப நீ சொல்லு, எங்கேர்ந்து வருது?"

"என் முதுகுக்குப் பின்னாடி. யாரோ வந்து நின்னுக்கிட்டு மூச்சு விடற மாதிரி இருக்கு."

"உன் மாமியாரா இருக்கும். செத்தும் விடலையா?"

மங்கு கழுவுகிற பையன்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. கல்லுக்கு அடியில்தானே நெருப்பு இருக்கிறது, முதுகுப் பக்கம் இருப்பது அரிசி மூட்டையும் பரணும் பெரிய உறைபெட்டியும்தானே என்று எல்லாரும் நினைத்தோம். உறைபெட்டி என்றால் மீனும் கறியும் உறைய வைக்கும் பெட்டி. பக்கத்துக் கடைக்காரர் பார்த்துப் பெருமூச்சு விடும்படியான பெரிய பெட்டியாகப் பார்த்து வாங்கியிருந்தேன். அதன் பக்கத்தில் நிற்பவனுக்கு வேர்க்கிறதென்றால் யார் நம்புவார்கள்?

இந்த வழக்கைத் தீர்க்க வந்தவள் என் மருமகள். கோயம்புத்தூர்ப் பெண். இங்கே வேலைக்கு வந்த இடத்தில் என் மகன் பார்த்து, எங்களிடம் கேட்காமலேயே நல்ல முடிவாக எடுத்துவிட்டான். அந்த விஷயத்தில் அவனுக்கு என் மூளை. நான் எச்சில் மங்கு கழுவிய அதே தஞ்சோங் பகாரில், இப்போது வானத்தைத் தொடும் கட்டடம் ஒன்றில் அவளுக்கு ஆபீஸ். கட்டடங்களுக்குள் சூடு எங்கே போய்த் தங்குகிறது என்று அளந்து, கம்ப்யூட்டரில் படமாகப் போட்டுக் கொடுக்கும் வேலை.

"நான் அளந்து பாக்கறேனுங்க மாமா" என்றாள். "உங்க ரெண்டு பேர்ல யாரு சரின்னு படமே சொல்லிடும்."

தீப்பெட்டி அளவில் சின்னச் சின்னச் சூடுமானிகளைக் கொண்டுவந்து சமையல்கட்டு முழுக்க ஒட்டினாள். அண்டாவுக்கு மேலே, மங்கு கழுவும் இடத்தில், மூட்டைகளின் மேல், பின் வாசலில், என் கல்லாவில், கல்லாவுக்குப் பக்கத்தில் குளிர்சாதனம் போட்ட என் சின்ன அறையில்கூட. மத்தியானம் நான் அந்த அறையில்தான் கொஞ்சம் கண் அசருவேன். பையன்கள் அவற்றைக் கேமரா என்று நினைத்து ஒரு வாரம் பதவிசாக வேலை செய்தார்கள். இந்த ஒரு லாபத்துக்கே அவளுக்குத் தங்க வளையல் போடலாம் என்றேன். "போடுங்க மாமா, நான் வேண்டாங்கலையே" என்றாள்.

ஒரு சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்து, ஓரத்து மேசையில் கம்ப்யூட்டரை விரித்தாள். ஏதோ நாலு வரி தட்டினாள். எங்கள் சமையல்கட்டு, மேலிருந்து பார்ப்பது போல, நிறம் நிறமாக வந்து நின்றது. கத்தரிக்காய் ஊதாவில் தொடங்கி, ஒரு கருநீலம், அப்புறம் பாசிப் பச்சை, வெண்டைக்காய்ப் பச்சை, கடைசியில் எலுமிச்சை மஞ்சள்.

"இருட்டா இருந்தா சூடு கம்மிங்க மாமா. வெளிச்சமாக ஆக ஆக சூடு ஜாஸ்தி. மஞ்சள்தான் உச்சம்."

நான் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

"என்னம்மா இது, வதக்கின காய்கறி மாதிரி இருக்கு? ஒரு சிவப்பு இல்ல, ஒரு ஆரஞ்சு இல்ல. தீவாளிக்கு ரோட்டுல லைட்டு போடறான் பாரு, அந்த மாதிரி ஜெகஜ்ஜோதியா இருக்க வேணாமா? நாலு பேரு பாக்கற படம்."

"வானவில் கலர் போடலாம் மாமா. ஒரு வார்த்தைய மாத்தினாப் போதும். ஆனா அது கண்ணை ஏமாத்தும்ங்க. நாங்க ஆபீஸ்ல அதைத் தொடறதே இல்லை."

"என் கண்ணை ஏமாத்தறதுக்கு இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும். போடும்மா."

அவள் என்னைப் பார்த்தாள், சிரித்தாள், ஒரு வார்த்தையை மாற்றினாள். அடடா! நீலம், இளநீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு, கருஞ்சிவப்பு. சமையல்கட்டு கோயில் ரதம் மாதிரி ஜொலித்தது. "இதுதான் படம்!" என்று மேசையைத் தட்டினேன். பக்கத்து நகல் கடையில் கலரிலேயே அடித்துக் கொடுத்தாள். ஆபீஸிலிருந்து போன் வர, பேசிக்கொண்டே கிளம்பியவள், வாசலில் நின்று திரும்பி, "மாமா, ஓரத்துல இருக்கிற அந்தப் பட்டையைப் பாத்து நிறத்தைப் படிங்க, மறந்துடாதீங்க" என்றாள்.

படத்தின் வலது ஓரத்தில் நீளமாக ஒரு நிறப் பட்டை, பக்கத்தில் சின்னச் சின்ன எண்கள். என்னிடம் பழைய காலண்டர்ப் படத்தின் கண்ணாடிச் சட்டம் ஒன்று இருந்தது. படம் அதற்குள் அடங்கவில்லை. அந்தப் பட்டையைப் பின்னால் மடித்துவிட்டேன், அளவாக உட்கார்ந்தது.

ஓட்டை போடும் ஆள் மறுநாள் வந்தபோது சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். முதல் பார்வையிலேயே கண் மஞ்சளில் போய் விழுந்தது. மஞ்சள்தான் உச்சம் என்று அவளே சொன்னாளே! அந்த மஞ்சள் எங்கே இருந்தது தெரியுமா? இட்லி அண்டாவைச் சுற்றி, பளீரென்று. மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் இருந்ததோ சின்னதாக ஒரு கருஞ்சிவப்பு. ஆயுள் முழுக்க அடுப்போடு இருந்தவன் நான். கரி அடுப்பில் மஞ்சளாக எழுந்தால் நெருப்புக்கு உயிர் இருக்கிறது, கருஞ்சிவப்பாகிவிட்டால் அணையப் போகிறது. சமையல்காரன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

"பாத்தியா மாஸ்டர், படமே சொல்லுது. அண்டாதான்!"

மாஸ்டர் சட்டத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, எட்டத்தில் வைத்துப் பார்த்தார். அவரும் அடுப்போடு வாழ்ந்தவர்தானே. அவருக்கும் மஞ்சள்தான் நெருப்பாகத் தெரிந்தது.

"சரி மொதலாளி" என்றார். என்னைக் கிண்டல் செய்யாமல் அவர் சரி என்றது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் ஜெயித்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். அண்டாவுக்கு மேலே சுவரைக் குடைந்து விசிறியை மாட்டினோம். ஆவியெல்லாம் சர்ரென்று வெளியே போனது. கையைக் கட்டிக்கொண்டு நின்று ரசித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் தேக்காவில் கால் வைக்க இடம் இருக்காது. கட்டட வேலை ஆட்கள், கப்பல் பட்டறை ஆட்கள், ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, போனில் வீட்டு முகத்தைப் பார்த்துவிட்டு, சூடாக நாலு தோசை சாப்பிட வரும் நாள். மாஸ்டருக்குப் பிடித்த நாளும் அதுதான். "அவன் அம்மா ஊத்திக் குடுத்தாப்ல இருக்கணும்" என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து ஊற்றுவார். அன்று மத்தியானம் நான் சமையல்கட்டை எட்டிப் பார்த்தபோது கல்லில் வேறொரு ஆள் நின்றிருந்தான். மாஸ்டர் வெங்காய மூட்டையின் மேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. உதடு வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்ல. விழல. நானா உக்காந்தேன்" என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், மககிட்ட சொல்லாத. விழலதானே? உக்காந்ததெல்லாம் கணக்குல வராது."

"சொல்லல."

"உன் மருமக படம் தப்பா சொல்லாது. படிச்ச பொண்ணு. என் முதுகுதான் பொய் சொல்லுது போல. வயசாயிருச்சு லா, இல்லாத சூடெல்லாம் தெரியுது."

என்னைப் பொய்யன் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் தன்னையே பொய்யன் என்று சொல்லிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. வெளியே அஞ்சடியில், கடை வாசல் நடைபாதையில், வந்து நின்று மருமகளுக்குப் போன் போட்டேன்.

அன்றைக்கு விடுமுறை, வீட்டில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாளாம். ஈரத் தலையோடு வந்து இறங்கினாள். விசிறியைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய சட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமா, பட்டை எங்கீங்க?"

"எந்தப் பட்டை?"

"ஓரத்துல இருந்துச்சே, நம்பர் போட்டு."

"பின்னாடி இருக்கும்மா. சட்டத்துக்கு அது கொஞ்சம் பெருசா இருந்துச்சு."

சட்டத்தைக் கழற்றி, மடிப்பை விரித்து, மேசையில் வைத்துக் கையால் நீவினாள். பட்டையின் உச்சியில் இருந்தது மஞ்சள் இல்லை. மஞ்சளுக்கு மேலே ஆரஞ்சு, அதற்கு மேலே சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கருஞ்சிவப்பு.

"கருஞ்சிவப்புதான் ரொம்ப சூடா?" என்றேன். "கரி அப்படி இருந்தா அணையுதுன்னு அர்த்தம்மா."

"கரிக்குச் சரிங்க மாமா. இந்த வானவில்லைப் போட்டவன் அடுப்பை நினைச்சுப் போடலை. உச்சத்துல போயி கருக்க வச்சுட்டான். நடுவுல இருக்கிற மஞ்சளைப் பளிச்சுன்னு வச்சுட்டான். கண்ணு பளிச்சுன்னு இருக்கிற பக்கந்தான் ஓடும். நீங்க மட்டும் இல்ல, எல்லாரு கண்ணும் அப்படித்தான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.

"என் மேலதான் தப்பு மாமா" என்றாள். "ஆபீஸ்ல எவ்வளவு பெரிய ஆளு வந்து இந்தக் கலரைக் கேட்டாலும் போட மாட்டேன்னு சொல்லிடுவேன். நீங்க ஆசைப்பட்டுக் கேட்டீங்க. உங்ககிட்ட இல்லைன்னு சொல்ல வரலை."

எனக்குக் கிடைத்த மரியாதைகளிலேயே இது பெரிது என்று நினைக்கிறேன். அன்றைக்கு ரொம்பச் சங்கடமாக இருந்த மரியாதையும் அதுதான்.

அவள் மறுபடி கம்ப்யூட்டரைத் திறந்து பழைய கத்தரிக்காய்ப் படத்தைக் கொண்டுவந்தாள். எனக்குப் புரியும்படி ஒரு கணக்கும் சொன்னாள். நிறம் என்பது படிக்கட்டு மாதிரியாம். சூடு ஒரு படி ஏறினால் நிறமும் ஒரே அளவாக ஒரு படி ஏற வேண்டும். வானவில் படிக்கட்டில் பச்சைப் பக்கம் நாலைந்து படி தட்டையாகக் கிடக்குமாம், ஏறுவதே தெரியாது. மஞ்சளுக்கு வந்ததும் திடீரென்று முழங்கால் உயரத்துக்கு ஒரு படி. இல்லாத இடத்தில் சுவர் இருப்பது போலவும், இருக்கிற இடத்தில் இல்லாதது போலவும் காட்டும். "இந்தக் கத்தரிக்காய் இருக்குதுங்களே, இதை ஒவ்வொரு படியும் அளந்து கட்டியிருக்காங்க மாமா. சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாதவங்க கண்ணுக்குக்கூடத் தெரியற மாதிரி."

"நம்ம வீவக அடுக்குமாடி புளோக் படிக்கட்டு மாதிரின்னு சொல்லு. எல்லாம் ஒரே அளவு."

"ஆமாங்க மாமா, அதேதான்!"

பார்த்தீர்களா, ஒரு தடவை சொன்னால் எனக்குப் போதும்.

"இன்னும் ஒண்ணு காட்டறேன்" என்று இரண்டு படங்களையும் கடையின் கறுப்பு வெள்ளை அச்சு இயந்திரத்தில் அடித்தாள். வானவில் படம் வெளியே வந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஜொலிப்பெல்லாம் போய், சாம்பல் கொட்டின மாதிரி இருந்தது. அதைவிட, இரண்டு இடங்கள் ஒரே மாதிரிக் கறுப்பாக இருந்தன. ஒன்று, குளிர்சாதனம் போட்ட என் அறை. இன்னொன்று, மாஸ்டரின் முதுகுப் பக்கம். கடையிலேயே குளிர்ந்த இடமும் கடையிலேயே கொதிக்கிற இடமும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே கறுப்பு.

பிறகு கத்தரிக்காய்ப் படம் வந்தது. என் அறை கறுப்பு. கல்லா கொஞ்சம் வெளுத்த கறுப்பு. அண்டா நடுத்தரச் சாம்பல். மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால், பரணுக்குக் கீழே, வெள்ளை வெளேரென்று. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டரில் அதே இடம் எலுமிச்சை மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் நான் வதக்கின காய்கறி என்று சொல்லிக்கொண்டிருந்தபோதும் அது அங்கேதான் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

மூட்டைகளை நகர்த்திப் பார்த்தோம். என் பெருமைக்குரிய உறைபெட்டி தன் சூட்டையெல்லாம் கீழே ஒரு வலைக் கம்பி வழியாக வெளியே ஊதிக்கொண்டிருந்தது. உள்ளே குளிர வேண்டுமானால் உள்ளே இருக்கும் சூட்டை எங்கேயாவது கொட்டத்தானே வேண்டும் என்றாள் மருமகள். அது கொட்டிய சூடு மூட்டைக்கும் பரணுக்கும் நடுவே போக வழியில்லாமல், மாஸ்டரின் முதுகில் போய் மோதிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் எழுந்து வந்து அந்தக் கம்பிக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டினார்.

"மூச்சு விடுதுன்னு சொன்னேன்ல?"

"சொன்னே."

"மாமியார்னு சொன்னீங்க."

"சொன்னேன்யா."

"என் முதுகு பொய் சொல்லல, மொதலாளி." 'மொதலாளி' என்ற சொல்லில் முக்கால் பங்கு கிண்டல் திரும்பி வந்திருந்தது. எனக்கு உயிர் வந்தது.

ஆனால் இருந்த ஒரே ஓட்டையை அண்டாவுக்கு மேல் போட்டாகிவிட்டது. இன்னொன்று தர மாட்டார்கள். ஆகவே உறைபெட்டிதான் நகர வேண்டும். பின் வாசலில் வைத்தால் வழி அடைபடும். மங்கு கழுவும் இடத்தில் தண்ணீர். கூடத்தில் வைத்தால் இரண்டு மேசை போய்விடும். மருமகள் படத்தை வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வோர் இடமாகத் தொட்டாள். கடைசியில் விரல் என் அறையின் கறுப்புக்கு வந்து, நின்று, சட்டென்று விலகியது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மாஸ்டர் கூரையைப் பார்த்தார். பையன்கள் கழுவின மங்குகளையே திரும்பக் கழுவினார்கள்.

அந்த அறை எனக்கு எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். தஞ்சோங் பகாரில் வேலை பார்த்த காலத்தில், முதலாளி மட்டும் உட்காரும் ஓர் அறை இருந்தது. எனக்கும் ஒரு நாள் அப்படி ஒன்று வேண்டும், அதில் குளிர்சாதனம் வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு நான் தூங்க வேண்டும் என்று நினைத்து, நினைத்ததைச் செய்துகாட்டியவன் நான். அந்தக் கதவில் 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று பலகைகூட இருக்கிறது.

கோப்பி ஒன்று சொல்லிக் குடித்தேன். கோப்பி தீர்வதற்குள் முடிவெடுத்துவிட்டேன். முடிவெடுப்பதில் நான் கெட்டிக்காரன் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

"அந்தச் சாய்வு நாற்காலியை வெளிய எடுங்கடா" என்றேன். "பெட்டிய உள்ள தள்ளுங்க."

"மாமா, மத்தியானம் எங்க படுப்பீங்க?" என்றாள் மருமகள்.

"எனக்கென்னம்மா தூக்கம்? கெழவனுங்கதான் மத்தியானம் தூங்குவாங்க."

மாஸ்டர் என் பக்கத்தில் வந்து, காலியான கோப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். இத்தனை வருஷத்தில் அவர் என் கோப்பையை எடுத்ததில்லை. அந்தக் காலத்தில் நான்தான் அவர் பங்கு மங்குகளையும் சேர்த்துக் கழுவினேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பெட்டி போன பிறகு மூட்டைகளைப் பின்னால் அடுக்கினோம், பரணின் அடிப்பலகையைக் கழற்றினோம். காற்றுக்கு வழி கிடைத்தது. அண்டாவுக்கு மேல் இருந்த விசிறி இப்போது மாஸ்டரின் பக்கத்திலிருந்தும் காற்றை இழுத்தது. ஓட்டை வீணாகவில்லை. என் ஓட்டை எதுவும் வீணாகாது. மருமகள் தீப்பெட்டிகளை மறுபடி ஒட்டி அளந்தாள். இந்தத் தடவை எந்தக் கலர் வேண்டும் என்று என்னைக் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.

மாஸ்டரே மகளுக்குப் போன் போட்டு, மூட்டையில் உட்கார்ந்த கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவள் கடைக்கு வந்தாள். பழைய படம், புதிய படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதலில் மஞ்சளாக இருந்த இடம் இப்போது பாசிப் பச்சையாக இறங்கியிருந்தது. அது அவளுக்குப் போதவில்லை. கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, அப்பாவை விலகச் சொல்லி, தானே கல்லுக்கு முன்னால் அடுப்பு எரிய எரிய நின்றாள். நான் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். மாஸ்டர் பொறுக்க மாட்டாமல், "சும்மா நிக்காத, ஒரு தோசை ஊத்து" என்றார். ஊற்றினாள். சிங்கப்பூர் வரைபடம் மாதிரி வந்தது.

"இத யாரு திம்பா?" என்றார் மாஸ்டர்.

"நீங்கதான் திங்கணும்" என்றாள். நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "ஓகே லா சித்தப்பா. ஆனா மத்தியானம் வரைக்கும்தான். அப்புறம் வீட்டுக்குப் போயிரணும். தண்ணி பாட்டில் நான் குடுத்து விடுவேன், காலியா திரும்பி வரணும்."

"ஞாயித்துக்கிழமை?" என்றார் மாஸ்டர்.

"ஞாயித்துக்கிழமை நானும் வருவேன்."

மாஸ்டர் அந்தச் சிங்கப்பூர்த் தோசையைப் பிய்த்து வாயில் போட்டு, உப்பு கம்மி என்றார். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்றார். பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை.

வானவில் படம் இருந்த காலண்டர்ச் சட்டத்தில் இப்போது புதிய படம் இருக்கிறது, பட்டையோடு. பட்டைக்காகச் சட்டத்தையே பெரிதாகச் செய்யச் சொன்னேன். என் நாற்காலியைச் சமையல்கட்டு வாசலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அங்கே அண்டாவின் அனலும் கல்லின் அனலும் கொஞ்சம் கொஞ்சம் வரும். படத்தில் என் நாற்காலி இருக்கும் இடம் முன்பு எப்படி இருந்ததோ அதைவிட ஒரு படி வெளிச்சமாகிவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடம் படத்தைக் காட்டி, எந்த நிறம் எதைச் சொல்கிறது, ஏன் வானவில்லை நம்பக் கூடாது என்று நான்தான் விளக்குவேன். போன வாரம் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் வாயைப் பிளந்து கேட்டார்கள். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினாள். ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார்.

"போதும் மொதலாளி, வேர்த்து ஊத்துது பாருங்க. இப்ப நீங்கதான் மஞ்சள்."

"இருந்துட்டுப் போறேன்" என்றேன். "நீ திரும்பாத. கல்லைப் பாரு."